ஊர்ப் பிள்ளைகளோட ராமேஸ்வரம் கடல் முகாம்: எந்த மாசம், எந்தக் கரை?

மேற்குமலையான்:

வணக்கம் உறவுகளே. போடிக்குப் பக்கத்துல ஒரு கிராமம் எங்களோடது. ஊர் நூலகத்தை வச்சு ஒரு வாசகர் வட்டம் நடத்துறோம். 24 பிள்ளைங்க, 15 வயசுல இருந்து 21 வரைக்கும். அதுல 9 பேர் பொண்ணுங்க. ஏலக்காத் தோட்டத்துக்கு வேலைக்குப் போற வீட்டுப் பிள்ளைங்கதான் அதிகம். கடலைக் கண்ணால பாத்தவங்களே நாலஞ்சு பேர்தான் இருப்பாங்க.

இந்த அரையாண்டு லீவுல, டிசம்பர் 26-லேர்ந்து மூணு நாள், ராமேஸ்வரம் பக்கம் கடல் சாகச முகாமுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு பேச்சு. கயாக், நின்னுக்கிட்டே துடுப்புப் போடுற பலகை, முகமூடி மாட்டிப் பவளப்பாறை பாக்குறது எல்லாம் உண்டாம். ரெண்டு இடத்துல விலை கேட்டோம். ஒருத்தர் தங்குறது சாப்பாடு எல்லாம் சேத்து தலைக்கு 4,500 சொன்னார். இன்னொருத்தர் 2,800. கம்மியாச் சொன்னவர், "எந்த மாசம் வேணாலும் வாங்க சார், நம்ம கடல் குளம் மாதிரி கிடக்கும்"னார்.

டிசம்பர் சரிப்படுமா? நீச்சல் தெரியாத பிள்ளைங்களை இறக்கலாமா? விலைல இவ்வளவு வித்தியாசம் ஏன்? போய் வந்தவங்க சொல்லுங்க.

சேதுக்கரை:

//எந்த மாசம் வேணாலும் வாங்க//

ராமேஸ்வரம் தீவுல, தங்கச்சிமடத்துல பொறந்து வளந்தவன் சொல்றேன். இந்த ஒரு பேச்சுக்காகவே அவரை வேண்டாம்னு விட்டுரலாம்.

எங்க தீவுக்கு வடக்க பாக் விரிகுடா, தெக்க மன்னார் வளைகுடா. தனுஷ்கோடி போனா வேன்காரங்க "இந்தப் பக்கம் ஆண் கடல், அந்தப் பக்கம் பெண் கடல்"னு கை காட்டுவாங்க. தெக்க ஆண், வடக்க பெண். அது பாதி வருசத்துக்குத்தான் செல்லும். ஐப்பசிக்கு மேல வாடைக்காத்து இறங்கிட்டா வடக்குக் கடல்தான் கலங்கி, அலை மேல அலை அடிச்சுக் கிடக்கும். தெக்க அப்ப சாதுவா இருக்கும். வைகாசி, ஆனில கச்சான்ங்கிற மேல்காத்தும் சோழகம்ங்கிற தென்காத்தும் எந்திரிச்சா நேர்மாறு.

நீங்க கேக்குற முகாம்கள் பெரும்பாலும் பிரப்பன்வலசை, அரியமான் பக்கமா இருக்கும். ரெண்டும் வடக்குப் பாத்த கரை. டிசம்பர் கடைசில அங்க கயாக்கை இறக்கினா மூஞ்சிலயே அலை அடிக்கும். தண்ணி கலங்கல், முகமூடிக்குள்ள பச்சையா ஒரு மங்கல்தான் தெரியும். அது எங்களுக்குப் புயல் மாசமும் கூட. 1964-ல தனுஷ்கோடிய அழிச்ச புயல் டிசம்பர் 22-க்கும் 23-க்கும் நடு ராத்திரிதான் வந்துச்சு. பாம்பன்ல புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏத்திட்டா ஒருத்தனும் தண்ணில கால் வைக்க முடியாது. மூணு நாளும் அறைக்குள்ள கேரம் ஆட வேண்டியதுதான்.

என்னைக் கேட்டா பிப்ரவரி, மார்ச். வாடை ஓஞ்சு, சோழகம் பிடிக்கிறதுக்கு முந்தின இடைவெளி. தண்ணி தெளிஞ்சு அடி தெரியும்.

கணக்கு டீச்சர்:

பிப்ரவரி, மார்ச் என்று சொல்வது எளிது. 15 வயது என்றால் பத்தாம் வகுப்பு. 17 என்றால் பிளஸ் டூ. செய்முறைத் தேர்வு, திருப்புதல் தேர்வு, பொதுத்தேர்வு என்று அந்த இரண்டு மாதமும் போய்விடும். எந்தப் பெற்றோரும் அனுப்ப மாட்டார்கள், அனுப்பவும் கூடாது. தேர்வெல்லாம் முடிந்து ஏப்ரல் கடைசி வாரம்தான் நடைமுறைக்கு ஒத்து வரும். சேதுக்கரை, அப்போது கடல் எப்படி?

துடுப்பு:

இதுக்கு நான் பதில் சொல்றேன். அந்தக் கரைல ஒரு முகாம்ல பயிற்சியாளரா வேலை பாத்தவன் நான், இப்ப வேற தொழில்.

ஏப்ரல் கடைசி நடக்கும், காலைல மட்டும். விடிஞ்சதும் இறங்கி 10 மணிக்குள்ள கரையேறிடணும். மதியத்துக்கு மேல தெக்குக் காத்து ஏறும். வடக்குப் பாத்த கரைல அந்தக் காத்து உங்க முதுகுப் பக்கமிருந்து கடலைப் பாத்து அடிக்கும். கரையோரம் அலையே இருக்காது. புதுசா வர்றவங்க பாத்துட்டு "ஆகா, என்ன அமைதி"ன்னு சந்தோசப்படுவாங்க. எனக்கு வயித்தைக் கலக்குற நேரம் அதுதான். பலகை மேல நிக்கிற ஆளோட உடம்பே படகுப் பாய் மாதிரி ஆயிடும். அவன் துடுப்பே போட வேண்டாம், காத்து தானா உள்ள கொண்டு போயிடும். திரும்பிப் பாக்கும்போது கரைல நிக்கிற ஆள் குச்சியாத் தெரிவான். அப்புறம் எதிர்க்காத்துல வரணும், கையில வலு இருக்காது.

அதனால புதுப் பிள்ளைங்களை எப்பவும் முதல்ல காத்தை எதிர்த்துதான் அனுப்புவோம். சோர்ந்து போனா காத்தே கரைக்குக் கொண்டுவந்து சேக்கும். கரையிலேர்ந்து கடலைப் பாத்து அடிக்கிற நாள்ல பலகையைத் தொடவே விட மாட்டோம், கயாக்கும் இடுப்பளவு தண்ணியைத் தாண்டாது. ஒருத்தன் தள்ளிப் போயிட்டா நிக்கக் கூடாது, பலகைல குப்புறப் படுத்துக் கையால துழாவணும். இதைத் தண்ணில இறங்குறதுக்கு முன்னாடியே மணல்ல படுக்க வச்சுப் பழக்குற முகாமா பாருங்க.

விலை வித்தியாசத்துக்கு வர்றேன். 4,500 சொன்னவர்கிட்டயும் 2,800 சொன்னவர்கிட்டயும் ஒரே கேள்வியைக் கேளுங்க: பிள்ளைங்க தண்ணில இருக்கிற நேரம் முழுக்க இன்ஜின் போட்ட படகு ஒண்ணு ஆளோட தண்ணில நிக்குமா? கரைல கட்டிக் கிடக்கிற படகு கணக்குல வராது. அடுத்தது, எத்தனை பேருக்கு ஒரு பயிற்சியாளர். முதல் தடவை இறங்குறவங்கன்னா எட்டுப் பேருக்கு ஒருத்தர்ங்கிறதுதான் என்னோட எல்லை. உங்க 24 பேருக்கு மூணு பேர், படகுல ஒருத்தர். அந்த நாலு பேரோட சம்பளமும் டீசலும்தான் அந்த 1,700 ரூபாய். கம்மி விலைக்காரர்கிட்ட எங்கே கை வைக்கப்பட்டிருக்குன்னு புரியும்.

நாடோடி76:

எல்லாரும் சேந்து ரொம்பத்தான் பயமுறுத்துறீங்க. 24 பேருக்கு 4,500-ன்னா ஒரு லட்சத்து எட்டாயிரம். தோட்ட வேலைக்குப் போற குடும்பங்க. ஒரு வேன் பிடிச்சு, மண்டபத்துல அறை எடுத்து, அரியமான்ல குளிச்சு, தனுஷ்கோடி பாத்துட்டு வந்தா இதுல கால்வாசி ஆகாது. கடலுக்குப் பயிற்சியாளர் எதுக்கு? நாங்கல்லாம் காலேஜ் படிக்கையில அரிச்சல்முனைலயே விழுந்து குளிச்சவங்க.

துடுப்பு:

நாடோடி, பணக் கணக்குல நீங்க சொல்றது சரி. ஆனா ஆபத்து எங்க இருக்குங்கிறதுல நான் ஒத்துக்க மாட்டேன்.

உயிர்க்காப்பு மேலங்கி மாட்டி, விசில் தொங்க, பக்கத்துல படகு நிக்க, கயாக்ல இருக்கிற பிள்ளைக்குப் பெருசா ஒண்ணும் ஆகாது. கவிழ்ந்தா நனைவான், ஏறுவான். எனக்குத் தெரிஞ்சு பிள்ளைங்க திணறினது எல்லாமே பயிற்சி முடிஞ்ச பிறகு. சாயங்காலம் நாலு மணி, "சும்மா கால் நனைச்சுட்டு வர்றோம்ணே"ம்பானுங்க. மேலங்கி கொடில காயும். பயிற்சியாளர் டீ குடிக்கப் போயிருப்பார். காலைல கயாக் ஓட்டின தெம்பு வேற. நீங்க சொல்ற பயணம், அதாவது வேன் பிடிச்சுப் போய் இறங்கிக் குளிக்கிறது, முழுக்க முழுக்க அந்த நாலு மணிதான்.

2024 மே 6-ம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரத்துல லெமூர் கடற்கரைல அஞ்சு மருத்துவ மாணவர்களை அலை கொண்டு போச்சு. யாரும் சாகசம் பண்ணல. தண்ணியோரம் நின்னவங்க. கள்ளக்கடல் எச்சரிக்கை அப்ப நடப்புல இருந்துச்சு. எங்கயோ தெக்குப் பெருங்கடல்ல கிளம்பின அலை, இங்க காத்தே இல்லாத நேரத்துல கரைல வந்து ஏறும். வானத்தைப் பாத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஹைதராபாத்ல இருக்கிற இன்காய்ஸ்ங்கிற கடல் தகவல் மையத்துல தினமும் மாவட்டவாரியா முன்னறிவிப்புப் போடுறாங்க, முதல் நாள் ராத்திரி பாத்துட்டுப் படுங்க.

அரிச்சல்முனைல ரெண்டு கடலும் சேர்ற இடத்துல நீரோட்டம் எந்தப் பக்கம் திரும்பும்னு சொல்ல முடியாது. குளிக்கத் தடைன்னு பலகையே வச்சிருக்கு. நீங்க குளிச்சு வந்தது உங்க நல்ல நேரம்.

நாடோடி76:

சரி, அரிச்சல்முனையை விட்டுடலாம். ஆனா லட்ச ரூபாய்ங்கிறதுக்கு யாரும் பதில் சொல்லல. காசு இருக்கிறவன் பிள்ளைக்குத்தான் கடலா?

கணக்கு டீச்சர்:

நாடோடி கேட்பது நியாயமான கேள்வி. மூன்று நாளை இரண்டு நாளாக்கலாம். ஒரு நாள் மட்டும் கட்டணப் பயிற்சி, தங்குவது வேறு எளிய இடத்தில் என்று பேசினாலே பாதி குறையும். 24 பேரையும் ஒரே நாளில் கொண்டு போகத்தான் வேண்டுமா என்றும் யோசியுங்கள். பன்னிரண்டு பன்னிரண்டாக இரண்டு அணி என்றால் கண் வைக்கவும் முடியும்.

நான் எழுத வந்தது பெண் பிள்ளைகளைப் பற்றி. பள்ளியில் இருந்து இப்படிக் கூட்டிப் போயிருக்கிறேன். யாரும் சொல்லாத விஷயங்கள் இவை.

துப்பட்டா கூடாது. சுடிதார் டாப்ஸ் தண்ணீரில் ஊதிக்கொண்டு மேலே வரும், அதற்குப் பயந்தே பிள்ளைகள் ஒரு கையால் உடையைப் பிடித்தபடி இன்னொரு கையால் துடுப்புப் போடுவார்கள். ஜீன்ஸ் நனைந்தால் காலைத் தூக்க முடியாது. முழுக்கை டீ-சர்ட், கறுப்பு லெகிங்ஸ், அதற்கு மேல் முட்டி வரை ஒரு ஷார்ட்ஸ். வீட்டில் ஒத்துக்கொள்வார்கள், தண்ணீரிலும் சங்கடம் இருக்காது. பையன்களுக்கும் இதேதான். லுங்கியை ஊரிலேயே விட்டு வரச் சொல்லுங்கள்.

கூட ஒரு பெண் கட்டாயம் வர வேண்டும், வாசகர் வட்டத்து அக்காவோ யாரோ. உடை மாற்றும் அறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று முன்பே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். மாதவிடாய் நாளாக இருந்தால் "எனக்குத் தலைவலி, நான் இறங்கல" என்று சொல்வார்கள். ஏன் என்று யாரும் துருவக் கூடாது. கரையில் உட்கார்ந்து எண்ணிக்கை பார்க்கும் வேலையைக் கொடுத்துவிடுங்கள், அது மிக முக்கியமான வேலையும்கூட.

பெற்றோர் கையெழுத்து வாங்கும் தாளில் வலிப்பு, ஆஸ்துமா, இதயக் கோளாறு, சமீபத்திய அறுவை சிகிச்சை என்று தனித்தனியாகக் கேளுங்கள். "உடல்நலக் குறைவு ஏதும் உண்டா" என்று பொதுவாகக் கேட்டால் எல்லாரும் இல்லை என்றே எழுதுவார்கள்.

மேற்குமலையான்:

எல்லாருக்கும் நன்றி. டிசம்பர் யோசனையைக் கைவிட்டாச்சு. டீச்சர் சொன்ன மாதிரி ஏப்ரல் கடைசி வாரம்னு பேசி வச்சிருக்கோம்.

ஒண்ணு மட்டும். எங்க பசங்க பாதிப் பேர் கிணத்துல நீந்திப் பழகினவங்க. "எங்களுக்கு எதுக்குண்ணே சட்டை"ன்னு இப்பவே கேக்குறானுங்க. அவங்களுக்கும் மேலங்கி கட்டாயமா? கடல்ல உப்புத் தண்ணி தூக்கி விடும்ங்கிறாங்களே?

துடுப்பு:

கட்டாயம். முதல்ல கண் வைக்க வேண்டியதே கிணத்து நீச்சல்காரங்க மேலதான். சுத்தமா நீச்சல் தெரியாத பிள்ளை சொன்ன பேச்சைக் கேக்கும். கிணத்துல எந்தப் பக்கம் நீந்தினாலும் பத்து கை போட்டா சுவர், படிக்கல்லு, பம்பு செட்டுக் குழாய், எதையாவது பிடிச்சுக்கலாம். கடல்ல பிடிக்க ஒண்ணும் கிடையாது. மூச்சு வாங்கத் தலையைத் தூக்குற நேரம் சின்ன அலை வந்து வாய்க்குள்ள போகும். கிணத்துல அந்தப் பழக்கமே இல்லை. உப்புத் தண்ணி மிதக்க விடும்ங்கிறது உண்மைதான், இருமிக்கிட்டு இருக்கிறவனுக்கு அது உதவாது.

மேலங்கியை வாங்கி மாட்டினா மட்டும் போதாது. ஒவ்வொரு பிள்ளையா நிக்க வச்சு, கொக்கியெல்லாம் பூட்டினப்புறம் ரெண்டு தோள்பட்டையையும் பிடிச்சு மேல இழுங்க. காது வரைக்கும் ஏறினா அது அந்தப் பிள்ளைக்குப் பெருசு. தண்ணில விழுந்தா சட்டை மேல போகும், ஆள் கீழ போவான். மெலிஞ்ச 15 வயசுப் பிள்ளைக்குப் பெரியவங்க அளவை மாட்டி விட்டு, "வாரை இறுக்கிட்டேன் சார்"னு சொல்வாங்க, ஒத்துக்காதீங்க. அளவு இல்லேன்னா அந்தப் பிள்ளை அன்னைக்கு இறங்காது. நுரையை விரலால அமுக்கிப் பாருங்க, அமுங்கின இடம் எந்திரிக்கலேன்னா அதைத் தூக்கி ஓரமா வைக்கச் சொல்லுங்க.

முதல் ஒரு மணி நேரம் கவிழ்றதுக்குத்தான். நெஞ்சளவு தண்ணில வேணும்னே கவிழ்க்கச் சொல்வோம். கவிழ்ந்த கயாக்கை நிமித்தி, அதோட பக்கவாட்டுல கையைப் போட்டு, காலை உதைச்சு வயித்தை மேல ஏத்தி, புரண்டு உக்காரணும். முதல் தடவை எல்லாரும் மறுபக்கம் தொப்புன்னு விழுவாங்க. நாலாவது தடவை விழுந்துட்டு சிரிக்க ஆரம்பிச்சா அந்தப் பிள்ளை தயார். சிரிக்காம கண்ணு கலங்கி நிக்கிற பிள்ளையை இன்னைக்குப் போதும்னு கரையேத்திடுங்க. கூட வந்தவங்க கேலி பண்ண விடாதீங்க.

சேதுக்கரை:

இன்னும் கொஞ்சம் எங்க ஊர்ச் சமாசாரம்.

வடக்குக் கரைல மூங்கில் தெப்பம் வரிசையா மிதக்கும். பெப்சி பாசிங்கிற கடல்பாசி வளக்குறது. எங்க பக்கம் பொம்பளைங்களோட பொழப்பு அது. கயாக்கை அதுக்கு மேல ஏத்தி, கயித்தை அறுத்துட்டுப் போறவங்க இருக்காங்க. ஒரு தெப்பம் அவுந்தா 45 நாள் வளத்த பாசி போச்சு. சுத்திப் போகச் சொல்லுங்க. தண்ணிக்குள்ள முங்கிப் பாசி எடுக்கிற அக்காமார்களை ஓடி ஓடிப் படம் எடுக்காம, நின்னு பேசினா அவங்களே காட்டிச் சொல்லிக் குடுப்பாங்க. உங்க வாசகர் வட்டத்துக்கு அது நல்ல பாடம்.

செத்துக் கரை ஒதுங்குன பவளப்பாறைத் துண்டு அழகா வெள்ளையாக் கிடக்கும். பிள்ளைங்க பையில போடப் பாப்பாங்க. பவளம் காட்டுயிர்ச் சட்டத்துல முதல் அட்டவணை, கடல் அட்டையும் அப்படித்தான். சோதனைச் சாவடில மாட்டினா வனத்துறை வழக்கு. தெக்க இருக்கிற 21 தீவும் 1986-லேர்ந்து கடல்சார் தேசியப் பூங்கா. "ஒரு தீவுல இறக்கி விடுறோம்"னு எந்தப் படகுக்காரர் சொன்னாலும் வனத்துறை அனுமதிச் சீட்டைக் காட்டச் சொல்லுங்க.

தண்ணில காலைத் தேய்ச்சுத் தேய்ச்சு நடக்கணும், தூக்கி வைக்கக் கூடாது. மணலுக்குள்ள திருக்கை படுத்திருக்கும், தேய்ச்சு நடந்தா அதுவே விலகிப் போயிரும். முள் குத்திட்டா தாங்குற அளவு சுடுதண்ணில காலை வச்சுக்கிட்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்டு எரிஞ்சா மணலைப் போட்டுத் தேய்க்காதீங்க, நல்ல தண்ணியும் ஊத்தாதீங்க. கடல்தண்ணியாலயே கழுவி, ஒட்டியிருக்கிற இழையைச் சாமணத்தால எடுங்க. மூச்சு வாங்கினா உடனே 108. கடல்ல ஆள் காணலேன்னா கடலோரக் காவல்படை 1554, கடலோரக் காவல் குழுமம் 1093. மூணு நம்பரையும் கூட வர்ற பெரியவங்க எல்லார் போன்லயும் போட்டு வச்சுக்குங்க.

நாடோடி சொன்ன காசு விசயத்துக்கு ஒரு வழி இருக்கு. தொண்டிக்குத் தெக்க காரங்காடுன்னு ஒரு மீனவக் கிராமம். அங்க வனத்துறையும் ஊர்க்காரங்களும் சேந்து அலையாத்திக் காட்டுக்குள்ள படகும் கயாக்கும் விடுறாங்க. ஓடைக்குள்ள போறதால அலை இல்ல. கடலுக்குப் புதுப் பிள்ளைங்களுக்கு முதல் தடவை அது போதும்னு நான் சொல்வேன்.

நாடோடி76:

காரங்காடு நல்ல யோசனை. இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் இவ்வளவு கத்தியிருக்க மாட்டேன்.

கூட்ஸ்வண்டி:

பயணத்தைப் பத்தி யாரும் பேசல. போடிலேர்ந்து மதுரைக்கு 2023 ஜூன்லேர்ந்து அகலப்பாதை ரயில் ஓடுது. மதுரைலேர்ந்து ராமேஸ்வரத்துக்கு முன்பதிவில்லாத பாசஞ்சர் இருக்கு. வேன் வாடகையோட ஒப்பிட்டுப் பாருங்க, பக்கத்துலயே வராது. பிரப்பன்வலசைன்னா உச்சிப்புளில இறங்கிடலாம், ஆனா பாலம் பாக்காம எப்படித் திரும்புறது? 2022 டிசம்பர்ல பழைய பாம்பன் பாலத்துல ரயில் நின்னு போச்சு, புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-ம் தேதிதான் திறந்தாங்க. நடுவுல 72.5 மீட்டர் தூக்குப் பகுதி அப்படியே லிப்ட் போல நேரா மேல போகும். 1914-ல திறந்த பழைய பாலத்துக்குப் பக்கத்துல கட்டினது. ஒரு நடை ராமேஸ்வரம் வரைக்கும் போய் வாங்க.

முன்பதிவு ரயில்னா 60 நாளைக்கு முன்னாடி திறக்கும், ஒரு படிவத்துக்கு 6 பேர்தான். 24 பேரும் ஒரே பெட்டில வேணும்னா நிலையத்துல குழுப் பயணத்துக்குத் தனியா எழுதிக் குடுக்கணும், கடைசி நேரத்துல நடக்காது.

மட்டுறுத்துநர்:

முகாம்களின் பெயர், தொலைபேசி எண் போட்ட இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. தனிமடலில் பேசிக்கொள்ளுங்கள்.

மேற்குமலையான்:

ஒரு வழியா முடிவாச்சு. ரெண்டு அணி, பன்னிரண்டு பன்னிரண்டா. முதல் நாள் காரங்காடு, ரெண்டாம் நாள் காலைல வடக்குக் கரைல பயிற்சி, மதியம் பாலம், ராத்திரி ரயில். படகு தண்ணிலயே நிக்குமான்னு ரெண்டு பேர்கிட்டயும் கேட்டேன். 2,800-காரர் "தேவைப்பட்டா எடுப்போம் சார்"னார். 4,500-காரர் ஒரு நாளைக்கு மட்டும் தனி விலை போட்டுத் தர்றேன்னு சொல்லியிருக்கார். சாயங்காலம் நாலு மணிக்கு எல்லாரையும் ரயில் நிலையத்துல உக்கார வச்சிடுவேன், துடுப்பு அண்ணன் நிம்மதியா இருக்கலாம்.

ஏப்ரல் 15-லேர்ந்து மீன்பிடித் தடைக்காலம் ஆச்சே, பாதுகாப்புப் படகு கிடைக்குமா?

சேதுக்கரை:

தடை விசைப்படகுக்கு மட்டும்தான், ஜூன் 14 வரைக்கும் 61 நாள். நாட்டுப்படகுக்குக் கிடையாது. இன்னும் சொல்லப்போனா அந்த மாசத்துலதான் கடல் தெரிஞ்ச ஆளுங்க கரைல சும்மா இருப்பாங்க, நல்ல ஆளாவே கிடைக்கும். மீன்தான் விலை ஏறிக் கிடக்கும். சாப்பாட்டுல மீன் உண்டுன்னு முகாம்காரர் சொல்லியிருந்தா என்ன மீன், எத்தனை துண்டுன்னு இப்பவே பேசி வச்சுக்குங்க.